இரவலா, உரிமையா? – குடியேறியோர் கல்வியுதவி கோருதலின் அறம்

கேட்டலும் கொடுத்தலும் மனிதர் கூடி வாழத் தொடங்கிய நாள் முதலே உள்ளவை. கொடுத்தலைப் புகழாத அறநூல் தமிழில் இல்லை எனலாம். கேட்டலைப் பற்றியோ அந்நூல்கள் ஒரே குரலிற் பேசவில்லை. திருக்குறளின் பொருட்பாலில் 'இரவு' என்னும் 106 ஆம் அதிகாரத்தை அடுத்தே 'இரவச்சம்' என்னும் 107 ஆம் அதிகாரம் அமைந்துள்ளது. முன்னது ஈயும் பண்புடையாரிடம் சென்று கேட்டலை ஏற்றுக்கொள்கின்றது. பின்னது கேட்க அஞ்சுதலையே மானமாகப் போற்றுகின்றது. அதிவீரராம பாண்டியரின் வெற்றி வேற்கை, கல்வியின் பொருட்டு இரத்தலை இழிவெனக் கொள்ளவில்லை. வறுமையில் வாடும் மாணாக்கர் இக்குரல்களுக்கு இடையில் நிற்கின்றனர். கேளாதிருப்பின் கல்வி கைகூடாது. கேட்பின் மானம் குறையுமோ என்னும் அச்சம் எழுகின்றது.

இக்காலத்தில் இச்சிக்கல் வேறு வடிவம் பெற்றுள்ளது. வள்ளலின் இடத்தில் அரசு அமர்ந்துள்ளது. வாயிலில் நின்று பாடிய இரவலனின் இடத்தில், மேசையிலிருந்து படிவம் நிரப்பும் மாணாக்கர் உள்ளனர். அம்மாணாக்கர் அந்நாட்டிற் பிறவாதவராகவும், அந்நாட்டுக் குடியுரிமை பெறாதவராகவும், ஆயினும் அங்கு நிலையாக வாழ அனுமதி பெற்றவராகவும் இருப்பின் சிக்கல் மேலும் இறுகுகின்றது. சட்டம் அத்தகையோரை நிரந்தர வதிவாளர் என்று அழைக்கின்றது. ஒரு நாட்டின் பொதுப்பணத்தில் தம் கல்விக்கென ஒரு பங்கைக் கேட்க அவர்களுக்கு அறத்தின்படி உரிமை உண்டா? உண்டெனின் அதன் அடிப்படை யாது? அவ்வுரிமையோடு உடன்வரும் கடமை எது? இவையே ஈண்டு ஆராயப்படுவன.

இவ்வினாக்கள் ஈழத் தமிழருக்குத் தொலைவிலுள்ளவை அல்ல. யாழ்ப்பாணத் தீவகத்துப் புளியங்கூடலை நோக்கினால் இது விளங்கும். பண்ணைத் தாம்போதியைக் கடந்து வேலணைத் தீவினூடாக ஊர்காவற்றுறைப் பக்கம் செல்வோர், சரவணைக்கும் நாரந்தனைக்கும் அயலில் இவ்வூரைக் காண்பர். இந்தன் முத்துவிநாயகர் கோயிலும் மாரியம்மன் கோயிலும், பனங்கூடல்களும், மாரி மழையை நம்பிய வயல்களும் கொண்ட சிற்றூர் இது. நன்னீர் அருகிய தீவகத்தில் நிலம் மட்டும் ஒரு குடும்பத்தைத் தாங்குவது அரிது. ஆதலின் தீவகத்தார் கடை வைக்கவும் உத்தியோகம் பார்க்கவும் கொழும்புக்கும் தென்னிலங்கைக்கும், பிரித்தானியர் ஆட்சியின்போது மலாயாவுக்கும் சென்றனர். அவர்கள் அனுப்பிய பணம் ஊரிற் பிள்ளைகளின் கல்வியாக மாறிற்று. போனவர் திரும்புவர் என்பதே அன்றைய எதிர்பார்ப்பு. 1983 இன் வன்செயல்களும், 1990 ஆகஸ்டிலிருந்து தீவகத்தில் நிகழ்ந்த படை நடவடிக்கைகளும் அவ்வெதிர்பார்ப்பை முறித்தன. ஊர்கள் பல ஆளின்றிக் கிடந்தன. ஊரவர் யாழ்ப்பாண நகருக்கும் வன்னிக்கும் கொழும்புக்கும், அங்கிருந்து கனடா, பிரித்தானியா, பிரான்சு, சுவிற்சர்லாந்து, நோர்வே, அவுஸ்திரேலியா, ஐக்கிய அமெரிக்கா ஆகிய நாடுகளுக்கும் சிதறினர்.

அவ்வாறு சென்ற குடும்பமொன்றைக் கருதுக. தந்தையும் தாயும் புளியங்கூடலிற் பிறந்தவர்கள். மகள் பத்து வயதில் அவர்களோடு நியூயோர்க் சென்றவள். மூவரிடமும் நிரந்தர வதிவு அட்டை உண்டு. குடியுரிமை இன்னும் இல்லை. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. கட்டணம் கட்டக் குடும்பத்தில் வசதியில்லை. உதவி கோரி அவள் நிரப்பவேண்டிய படிவம் எத்தனை பக்கங்களைக் கொண்டதாயினும், சாரத்தில் அது மூன்று வினாக்களையே வினவுகின்றது. நீ யார்? நீ வாழுமிடம் எது? உன்னிடம் என்ன உண்டு? கேட்பதற்கு எளியவையாகத் தோன்றும் இம்மூன்றும் தம்முள் ஒவ்வோர் அறச்சிக்கலை அடக்கியுள்ளன.

முதலாவது வினா: நீ யார்? ஐக்கிய அமெரிக்காவில் 1965 ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தின் வழிவந்த கூட்டாட்சி உதவித் திட்டங்கள், குடிமக்களோடு நிரந்தர வதிவாளரையும் தகுதியுடையோராக ஏற்கின்றன. வறிய மாணாக்கருக்குத் திருப்பிச் செலுத்தவேண்டாத தொகையாக வழங்கப்படும் பெல் நன்கொடையின் உச்ச அளவு 2025–26 ஆம் கல்வியாண்டில் 7,395 டொலர். பெற்றோரின் குடியுரிமை நிலை பிள்ளையின் தகுதியைப் பாதிப்பதில்லை. ஆயினும் குடிமகள் அல்லாதவள் அப்படிவத்தில் ஓர் எண்ணை எழுதவேண்டும். அதன் பெயர் 'அந்நியர் பதிவெண்'. ஒரு கையால் அவளை அந்நியள் என்று குறிக்கும் அரசு, மறு கையால் அவ்வெண்ணையே சான்றாகக் கொண்டு அவளுக்குப் பங்கு வழங்குகின்றது. அந்நியராக இருந்துகொண்டே பங்காளியாகவும் இருத்தல் கூடும் என்னும் கருத்து இதனுள் மறைந்துள்ளது.

இக்கருத்து எளிதில் நிலைபெற்றதன்று. நியூயோர்க் மாநிலம் ஒரு காலத்தில் தனது உயர்கல்விப் புலமைப்பரிசில்களையும் கட்டண உதவியையும் கல்விக் கடனையும் குடிமக்களுக்கும், குடியுரிமைக்கு விண்ணப்பித்தோருக்கும், விண்ணப்பிக்கும் தகுதி வந்தவுடன் விண்ணப்பிப்பதாக உறுதியளித்தோருக்கும் மட்டுமே வழங்கி வந்தது. இதனை எதிர்த்தோர் இருவர். ஒருவர் பிரான்சு நாட்டவர்; அமெரிக்கப் பெண்ணை மணந்து அங்கேயே வாழ்ந்தவர்; எனினும் பிறந்த நாட்டின் குடியுரிமையைக் கைவிட விரும்பாதவர். மற்றவர் கனடாவிற் பிறந்து, ஒன்பது வயதிற் குடும்பத்தோடு குடியேறியவர். தேர்வில் வென்ற புலமைப்பரிசிலே குடியுரிமை இன்மையால் அவருக்கு மறுக்கப்பட்டது. நைக்விஸ்ற் எதிர் மொக்லே எனப்படும் இவ்வழக்கில் 1977 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்னும் பெரும்பான்மையால் மாநிலத்தின் விதியைச் செல்லாதென்றது.

மாநிலம் கூறிய நியாயங்கள் இரண்டு. அந்நியரைக் குடியுரிமை பெறத் தூண்டுதல் ஒன்று; வாக்களிக்கும் மக்களின் கல்வித் தரத்தை உயர்த்துதல் மற்றொன்று. இவை இரண்டும் புறக்கணிக்கத்தக்க வாதங்கள் அல்ல. ஓர் அரசு தன் எதிர்காலத்தைத் தாங்கப்போகும் குடிமக்களுக்கு முதலிடம் கொடுப்பதில் தவறென்ன என்று கேட்கலாம். மறுத்துத் தீர்ப்பளித்த நீதியரசர் றென்குவிஸ்ற் இதனை மேலும் கூர்மையாக்கினார். விரும்பினால் உறுதிமொழி ஒன்றை அளித்துத் தாமே நீக்கிக்கொள்ளக்கூடிய தடையைச் சுமப்பவர், அநீதிக்கு உள்ளானவர் ஆவாரா என்பது அவரது வாதத்தின் சாரம்.

இவ்வாதத்தின் வலிமையை ஒப்புக்கொண்டே அதன் குறையைக் காணல் வேண்டும். குடியுரிமை மாற்றம் என்பது கையொப்பத்தோடு முடியும் செயலாகச் சிலருக்கு இருக்கலாம். இலங்கையரோ வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெறும்போது பிறந்த நாட்டின் குடியுரிமையை இழக்கின்றனர். 1987 இன் திருத்தத்தின் பின்னர் இரட்டைக் குடியுரிமை பெற வழியுண்டாயினும், அது தனியே விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்திப் பெறவேண்டிய ஒன்று. போரினால் ஊரை விட்டவர்க்குக் குடியுரிமை என்பது ஊரோடு எஞ்சியிருக்கும் கடைசிக் கட்டு. அக்கட்டை அறுப்பதும் அறுக்காதிருப்பதும் அவரவர் மனச்சான்றுக்குரியவை. பதினெட்டு வயதுப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைப் பணயமாக வைத்து அத்தகைய முடிவை வாங்குவது, பற்றை விலைக்கு வாங்குவதை ஒக்கும். விலைக்கு வந்த பற்று அதிக விலை கொடுப்பவரிடம் செல்லும். அதனால் நாட்டுக்கும் நன்மை விளையாது.

நீதிமன்றப் பெரும்பான்மை தன் முடிவுக்குத் துணையாகக் கொண்ட காரணங்களுள் ஒன்று, வதியும் அந்நியர் உதவித் திட்டங்களைத் தாங்கும் வரியில் தமக்குரிய முழுப்பங்கையும் செலுத்துகின்றனர் என்பது. சட்டத்துக்கு இக்காரணம் சாலும். அறத்துக்கு இது போதுமா என்பது ஐயமே. வரி கொடுத்தவருக்கே உதவி எனின், மிகக் குறைந்த வரி கொடுக்கும் மிக வறியவர் மிகக் குறைந்த உதவிக்கே உரியவராவர். உதவித் திட்டத்தின் நோக்கமே அங்குத் தலைகீழாகின்றது. வரி, ஒருவர் அச்சமுதாயத்தின் சுமையைத் தோள்கொடுத்துத் தாங்குகின்றார் என்பதற்கான அடையாளங்களுள் ஒன்று மட்டுமே. விடியுமுன் அலுவலகங்களைத் துப்புரவு செய்தல், முதியோரைப் பராமரித்தல், உணவகத்துச் சமையலறையில் வேகுதல் என்பனவும் அத்தோள்கொடுத்தலே. புலம்பெயர்ந்தோரின் முதல் தலைமுறை பெரும்பாலும் இவ்வேலைகளையே செய்தது.

இலங்கையின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு கசப்பான சான்று உண்டு. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கற்கும் அப்பேறு, நாட்டின் திறைசேரியாலே தாங்கப்பட்டது. அத்திறைசேரியை நிரப்பியவற்றுள் முதன்மையானது தேயிலை. தேயிலையைக் கொய்த மலையகத் தமிழரின் பிள்ளைகளோ நெடுங்காலம் தோட்டப் பாடசாலையின் ஓரறைக்குள்ளே விடப்பட்டனர். 1948 இன் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிட்டது. எஞ்சியோரின் நிலை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பெரிதும் சீராயிற்று. உழைப்பை ஏற்று உரிமையை மறுத்தல் எத்தகைய அநீதி என்பதை உணர இதனினும் தெளிவான பாடம் வேண்டுவதில்லை. நியூயோர்க்கில் உள்ள புளியங்கூடற் குடும்பத்துக்கு நீதி கேட்பவர், அதே அளவுகோலை ஹற்றனிலும் பதுளையிலும் வைத்து அளக்கக் கடமைப்பட்டவர்.

இரண்டாவது வினா: நீ வாழுமிடம் எது? குடியுரிமையைத் தகுதியாகக் கொள்ளாத நாடுகளும் வதிவைத் தகுதியாகக் கொள்கின்றன. கனடாவின் ஒன்ராறியோ மாகாண உதவித் திட்டம், குடிமக்களோடு நிரந்தர வதிவாளரையும் பாதுகாப்புப் பெற்ற அகதிகளையும் ஏற்கின்றது. ஆயின் வேறிடத்திலிருந்து வந்தவர் முழுநேர உயர்கல்வி மாணவராக இல்லாது அம்மாகாணத்தில் தொடர்ந்து 12 மாதங்கள் வாழ்ந்திருத்தலை எதிர்பார்க்கின்றது. வாழ்தல் என்பதன் பொருள் என்ன என்னும் வினா அங்கு எழுகின்றது.

பிரித்தானியாவில் இவ்வினா பிரபுக்கள் சபை வரை சென்றது. வெளிநாடுகளிலிருந்து கல்விக்கென வந்து சில ஆண்டுகள் அங்கு வாழ்ந்த மாணாக்கர், உள்ளூராட்சிச் சபைகளின் கட்டாயக் கல்வி நன்கொடைக்கு உரியவரா என்பது வழக்கு. பார்னற் சபைக்கெதிரான ஷா வழக்கு என அறியப்படும் அதில், 1982 டிசெம்பரில் ஸ்கார்மன் பிரபு தீர்ப்பளித்தார். ஒருவர் தாமாக விரும்பி, ஏதேனும் நிலையான நோக்கத்தோடு, தம் அன்றாட வாழ்வொழுங்கின் பகுதியாக ஓரிடத்தில் தங்குவாராயின் அவர் அங்குச் சாதாரணமாக வதிபவரே என்பது அவர் தந்த விளக்கத்தின் சுருக்கம். எங்குச் சாக விரும்புகின்றார், எந்நாட்டை மனத்தில் தாயகமாக எண்ணுகின்றார் என்பவை அவ்விளக்கத்தில் இடம்பெறவில்லை. விரைவிலேயே அரசு விதிகளைத் திருத்தி, முற்றாகவோ பெரும்பாலுமோ கல்விக்கெனவே வதிந்தவரை விலக்கிற்று. அத்திருத்தத்தை முழுதும் குறைகூற இயலாது. உதவி பெறுதற்கென்றே வருவோரையும், வாழ வந்து உதவி வேண்டி நிற்போரையும் பிரித்தறிய ஒரு நாடு முயல்வது இயல்பே.

ஆயினும் பிரித்தறியும் கத்தி சில வேளை தவறான இடத்தில் வெட்டும். ஆறு வயதிற் சாம்பியாவிலிருந்து வந்து, பிரித்தானியப் பாடசாலைகளிலே பயின்று, பல்கலைக்கழக இடமும் பெற்ற மாணவி ஒருத்திக்கு, நிரந்தரமாகத் தங்கும் அனுமதி இல்லாமையால் அரசின் கல்விக் கடன் மறுக்கப்பட்டது. 2015 ஜூலையில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், மூவருக்கு இருவர் என்னும் பெரும்பான்மையால், குடியமர்வு அனுமதி பற்றிய அவ்விதியை அவள்மீது பிரயோகித்தது அவளது உரிமையை மீறுவதென்றது. மூன்றாண்டுச் சட்டபூர்வ வதிவு வேண்டும் என்னும் விதியையோ ஏற்றது. இதன் பின்னர் 2016 இல் வந்த புதிய விதி, பதினெட்டு வயதை அடைந்தோர் தம் வாழ்நாளில் அரைப்பங்கையேனும் அங்குக் கழித்திருப்பின் உதவி கோரலாம் என வழிசெய்தது. வாழ்நாளில் அரைப்பங்கு! பத்து வயதில் வந்த பிள்ளைக்கு அது இருபது வயதிலேயே நிறைவேறும். சக மாணாக்கர் பட்டம் பெறும் காலம் அது. எல்லை ஒன்று எங்கேனும் கீறப்படவேண்டும் என்பது உண்மை. எல்லையைக் கீறும் கை, அதன் மறுபுறத்தில் நிற்பவரின் வயதையும் எண்ணிப்பார்த்தல் அறமாகும்.

வதிவு பற்றிய இச்சிக்கல் இலங்கைப் பல்கலைக்கழக மாணாக்கருக்குப் புதியதன்று. கலைத்துறை நீங்கலான பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு, 40 விகித இடங்கள் நாடளாவிய திறமைக்கும், 55 விகிதம் மாவட்டக் கோட்டாவுக்கும், 5 விகிதம் வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. எம்மாவட்டத்தில் வாழ்ந்தார், எங்குப் பயின்றார் என்பதே பலரது எதிர்காலத்தைத் தீர்மானிக்கின்றது. வசதியுள்ள ஊரிற் கற்று, வசதியற்ற மாவட்டத்தின் பெயரால் விண்ணப்பிக்க முனைவாருண்டு. அம்முயற்சி வெல்லுமாயின் இழப்பவர் அரசாங்கம் அல்லர். அந்த இடத்துக்கு உண்மையில் உரியவராகிய, பெயர் தெரியாத ஏழை மாணவர் ஒருவர். பொதுவுதவியின் அறத்தில் இது மையமான உண்மை. வள்ளலை ஏமாற்றினால் வள்ளல் இழப்பார். பொதுநிதியை ஏமாற்றினால், வரிசையில் அடுத்து நிற்கும் வறியவரே இழப்பார்.

இதுவே மூன்றாவது வினாவுக்கு இட்டுச் செல்கின்றது: உன்னிடம் என்ன உண்டு? அமெரிக்கப் படிவம் பெற்றோரின் வருமானத்தோடு சொத்தையும் வினவுகின்றது. குறைந்த வருமானமுடைய குடும்பங்கள் சிலவற்றுக்குச் சொத்து வினா விலக்கப்படினும், ஏனையோர் தாம் குடியிருக்கும் வீடு தவிர்ந்த நிலபுலங்களின் பெறுமதியைக் கூறவேண்டும். அவை எந்நாட்டில் இருப்பினும் கூறவேண்டும். தாய்க்குச் சீதனமாக வந்த காணி புளியங்கூடலில் உண்டு. போரின்போது கூரை இழந்த வீடு அதில் உண்டு. சுவரைப் பிளந்து ஆலமரம் வளர்ந்திருக்கும், கிணறு தூர்ந்திருக்கும், வேலி எங்கே நின்றதென்று அயலவரைக் கேட்டாலே தெரியும். அக்காணியும் பெரும்பாலும் பிரிபடாத பங்குக் காணியாக இருக்கும். ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பெற்ற தேசவழமைச் சட்டத்தின்படி, பங்காளிக்கு அறிவிக்காமல் பிறருக்கு விற்பதும் சிக்கலானது. பங்காளியரில் ஒருவர் ரொறன்ரோவிலும் ஒருவர் சூரிச்சிலும் ஒருவர் வவுனியாவிலும் இருப்பர். இக்காணி செல்வமா? இதை விற்றுக் கட்டணம் கட்டு என்று சொல்வது நியாயமா?

இவ்விடத்தில் எழும் சோதனை யாவரும் அறிந்ததே. நியூயோர்க்கிலிருந்து புளியங்கூடலுக்கு வந்து எவர் காணியை அளக்கப்போகின்றார்? எழுதாது விட்டால் என்ன? இவ்வெண்ணத்துக்கு மூன்று நியாயங்கள் கூறப்படலாம். காணி பயனற்றது, எல்லோரும் இவ்வாறே செய்கின்றனர், படிவம் இயற்றியவர்களுக்கு ஈழத்தின் நிலைமை தெரியாது. முதலாவது உண்மையாயின் அதனை எழுதுவதால் இழப்பு ஏதுமில்லை. பயனற்ற காணியின் இன்றைய பெறுமதி சிறிதென்றே எழுதலாம். இரண்டாவது, களவைப் பெருந்தொகையால் நியாயப்படுத்துவது. மூன்றாவதில் மட்டுமே உண்மையான மனக்குறை ஒன்று உண்டு. அதனைத் தனியே நோக்குதல் தகும்.

படிவத்தின் கண்ணுக்குக் குடும்பம் என்பது ஒரு கூரையின்கீழ் வாழ்வோர். தீவகத்துக் குடும்பம் அவ்வாறு வாழ்ந்ததில்லை. தந்தை கொழும்பிற் கடையிலும், தாயும் பிள்ளைகளும் ஊரிலும், மூத்த மகன் மலாயாவிலுமாகக் கடல்களுக்கு மேலாக நீண்ட குடும்பம் அது. இன்றும் நியூயோர்க்கிற் பெறும் சம்பளத்தில் ஒரு பங்கு ஊரிலுள்ள பேத்தியாரின் மருந்துக்கும், தங்கையின் பிள்ளைகளின் படிப்புக்கும் செல்கின்றது. படிவத்தில் பேத்தியார் குடும்ப உறுப்பினர் அல்லர். அவருக்கு அனுப்பிய பணம் செலவாகவும் கொள்ளப்படுவதில்லை. இல்லாத செல்வத்தை உண்டென்றும், உள்ள கடமையை இல்லையென்றும் படிவம் கணிக்கின்றது. இது குடியேறியோருக்கு இழைக்கப்படும் ஓர் உண்மையான குறையே.

குறையுள்ள வினாவுக்குப் பொய்யான விடை ஈடாகாது. அமெரிக்கக் கல்லூரிகளின் நிதியுதவி அலுவலருக்கு, ஒரு குடும்பத்தின் சிறப்பான நிலைமைகளைச் சான்றுகளோடு ஆராய்ந்து கணிப்பை மாற்றும் அதிகாரத்தைச் சட்டமே வழங்கியுள்ளது. ஆதலின் நேர்வழி ஒன்று உண்டு. உள்ளதை உள்ளவாறு எழுதி, பின்னர் அதன் பொருளை விளக்கிக் கடிதம் ஒன்று வரைதல் அது. காணி உண்டு, அதில் வாழவும் இயலாது விற்கவும் இயலாது என்பதைக் கூறல் வேண்டும். பேத்தியார் உண்டு, அவரைத் தாங்குவோர் வேறு எவருமிலர் என்பதைக் கூறல் வேண்டும். வேண்டுகோள் எப்பொழுதும் வெல்லும் எனச் சொல்லமுடியாது. எனினும் மறைத்தவரால் தன் வாழ்வை விளக்கவே இயலாமற் போகின்றது. சொன்னவர், இன்று தாம் தோற்பினும், அடுத்து வருபவரின் பொருட்டு அப்படிவத்தின் குறையைப் பதிவுசெய்கின்றார். காணியை மறைப்பவர் ஊரையும் மறைக்கின்றார் என்பதும் சிந்தித்தற்குரியது.

இனி, இவ்வாராய்ச்சி முழுவதற்கும் எதிராக எழக்கூடிய வலிய தடை ஒன்றை நோக்கவேண்டும். நிதி அளவற்றதன்று. அந்நாட்டிலேயே பிறந்த வறிய பிள்ளைகளும் உள்ளனர். வந்தவருக்குக் கொடுப்பது இருப்பவரிடமிருந்து எடுப்பதாகாதா? இவ்வினாவைக் கேட்பவர் எல்லோரும் பகைமையால் கேட்பவர் அல்லர். இதற்கு விடை, வந்தவர் இருப்பவராகிய கணத்தில் இவ்வேறுபாடு மங்குகின்றது என்பதே. ஒரே தெருவில் வாழ்ந்து, ஒரே பாடசாலையில் வாசித்து, ஒரே நோய்க்காலத்தில் ஒரே மருத்துவமனையின் வாயிலில் நின்ற இரு பிள்ளைகளுள் ஒருத்தியின் தேவையை அவள் பிறந்த ஊரின் பெயர் குறைத்துவிடாது. நிதி போதாதெனின், அதனைத் தேவையின் அளவால் பகிர்வதே நேர்மை. மேலும், நிரந்தரமாக வாழ இடமளித்துக் கல்வியை மறுக்கும் நாடு, தன்னுள்ளே கல்லாத வகுப்பொன்றைத் தானே வளர்க்கின்றது.

வள்ளுவர் 'ஈகை'க்கு முன் 'ஒப்புரவறிதல்' என்னும் அதிகாரத்தை வைத்துள்ளமை இங்கு நினைக்கத்தக்கது. ஈகை உடையோன் இல்லோனுக்குக் கொடுப்பது. ஒப்புரவு ஊரோடு ஒத்து வாழ்பவனின் கடமை. அதிற் கொடுப்போரும் பெறுவோரும் ஒரே ஊரின் உறுப்பினர். அரசின் கல்வியுதவி ஈகையைவிட ஒப்புரவுக்கே நெருக்கமானது. இன்று பெறுபவள் நாளை தன் உழைப்பாலும் வரியாலும் அதே நிதியை நிரப்புவாள். அவ்வாறாயின், அவள் படிவம் நிரப்புவது இரத்தல் ஆகாது. பங்கு கேட்டல் ஆகும். இரவச்சம் அவளைத் தடுக்கவேண்டியதில்லை. இரவலன் நன்றியால் கடனைத் தீர்க்கலாம். பங்காளி மெய்யுரைத்தலாலும், தன் முறை வரும்போது தோள்கொடுத்தலாலுமே தீர்க்க இயலும்.

இவ்வெண்ணத்தை ஊருக்குத் திருப்பிப் பார்த்தல் பயனுடையது. இலங்கையில் 1981 இல் நிறுவப்பெற்ற மகாபொல நிதியம், திறமையையும் குடும்ப வருமானத்தையும் கொண்டு பல்கலைக்கழக மாணாக்கருக்கு மாதந்தோறும் உதவுகின்றது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அத்தொகையை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்த முன்மொழியப்பட்டது. அதனைப் பெறுபவர் எவர் முன்னும் தலைகுனிவதில்லை. ஆனால் வெளிநாடுகளில் வாழும் ஊரவர் அனுப்பும் உதவி சில வேளை வேறு முறையில் வழங்கப்படுகின்றது. மேடை அமைக்கப்படும், பிள்ளை அழைக்கப்படும், கொப்பியும் உறையும் கையளிக்கப்படும், அக்காட்சி ஒளிப்படமாக உலகெங்கும் செல்லும். கொடுத்தவரின் உள்ளம் நல்லதே. ஆயினும் அப்பிள்ளையின் வறுமை அதன் அனுமதியின்றி ஊரறியச் செய்யப்பட்டது. நியூயோர்க்கில் தன் வறுமையை ஓர் அலுவலர் மட்டும் அறிய மூடிய உறையில் எழுதிக்கொடுத்த அதே குடும்பம், புளியங்கூடற் பிள்ளையின் வறுமையை மேடையேற்றுவது முரண்பாடு. தமக்குக் கிடைத்த மதிப்பைத் தாம் கொடுக்கும்போதும் காத்தல், பெற்றவர் செலுத்தவேண்டிய கைம்மாறுகளுள் முதன்மையானது.

எனவே, உதவி கோரும் உரிமை பிறந்த மண்ணிலோ கடவுச்சீட்டின் நிறத்திலோ தங்கியிருப்பதன்று. ஓரிடத்தில் நிலைத்து வாழ்ந்து, அவ்விடத்தின் சுமையிற் பங்குகொள்வதில் அது தங்கியுள்ளது. அவ்வுரிமையை மெய் பேசுதல் காக்கின்றது. பொய் அதனை அடுத்தவரின் இழப்பாக மாற்றுகின்றது. கேட்பவரின் மானம் கேளாதிருப்பதால் நிறைவதன்று. தனக்குரியதை மட்டும் கேட்டு, உள்ளதை உள்ளவாறு சொல்லி, பெற்றதைப் பிறருக்கு அவர் மானம் குன்றாமல் மீள அளிப்பதால் நிறைகின்றது. கூரையற்ற வீட்டையும் தூர்ந்த கிணற்றையும் மறையாது படிவத்தில் எழுதும் கை, புளியங்கூடலுக்கும் நியூயோர்க்குக்கும் ஒருங்கே உண்மையாக இருக்கின்றது.